இரவல் நியூட்ரல்

மூன்டா என்ற சிற்றூரில் கூரைக்கு மேலே நடப்பதைக் கடவுள் பார்த்துக்கொள்வார். கூரைக்கு உள்ளே நடப்பதெல்லாம் க்ளைவ் பாஸ்கோவின் தலையில். அறுபது தாண்டியும் தகரக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே ஊர்ந்து வயர் தேடுகிற பிழைப்பு. முழங்கால் இரண்டும் போய்விட்டன.

போதாக்குறைக்கு மச்சான் ரெக்ஸின் வேலையையும் சேர்த்துச் சுமந்தார். க்ளைவின் மனைவி மொரீனுக்கு அண்ணன் இந்த ரெக்ஸ். அவரும் எலெக்ட்ரீஷியன்தான், ஒரு காலத்தில் அவரை அடித்துக்கொள்ள ஊரில் ஆள் கிடையாது. இப்போது ஞாபகம் நழுவுகிறது. அவர் வேலை முடித்த வீடுகளுக்கு க்ளைவ் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு பின்னாலேயே போய்த் தப்பைச் சரிசெய்துவிட்டு வருவார். "அண்ணன்கிட்ட மூச்சு விடாதீங்க, மனசு ஒடஞ்சு போயிரும்" என்று மொரீன் சொல்லிவைத்திருந்தாள். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். இரண்டு வருஷமாக ஊற்றி அலுத்துப்போயிருந்தார்.

புல்தரையில் பந்துருட்டி ஆடுகிற பௌல்ஸ் கிளப்பில், போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமில்லை என்றால் தானாக விழுகிற பாதுகாப்பு பிரேக்கரை ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் புதிதாகப் போட்டவர் க்ளைவ்தான். போட்ட மறுநாளே கிளப்பிலிருந்து போன். நடைவழி விளக்கைப் போட்டால் இரண்டு பிரேக்கர்கள் டப்பென்று விழுகின்றன, கிச்சனும் செத்துப்போகிறது.

"கறி அடைச்ச பேஸ்டி ஒண்ணுகூட சூடாகல, க்ளைவ்," என்றாள் கிச்சனைப் பார்த்துக்கொள்ளும் நோலீன். "சனிக்கிழமை மேட்ச்சுக்கு வர்றவங்க என்னைத்தான் சுட்டுத் திம்பாங்க."

ரெக்ஸ் பாரில் பீரோடு உட்கார்ந்திருந்தார். "பழைய ஃபியூஸ் இருந்தப்ப இந்தத் தொல்லை உண்டா? ரெண்டு சர்க்யூட்டையும் ஒரே பிரேக்கருக்குக் கீழ தள்ளிட்டு வந்து உக்காரு மாப்ள. ஊர்ல பாதிப்பேரு அதத்தான் பண்றான்."

அப்படிச் செய்தால் பிரேக்கர் விழாது. க்ளைவுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தப்பு உள்ளேயே கிடக்கும், பின்னால் யாராவது சர்க்யூட்டுகளைத் தனித்தனியாகப் பிரித்தால் மறுபடி தலைதூக்கும். ஒரு சர்க்யூட்டில் போன கரண்ட் அதே சர்க்யூட்டின் நியூட்ரல் வயர் வழியாகத்தான் திரும்ப வேண்டும், பக்கத்துச் சர்க்யூட்டிடம் இரவல் வாங்கக் கூடாது என்பது விதி. இரவல் வாங்கினால், கிச்சன் பிரேக்கரை அணைத்தாயிற்று என்று நம்பி ஒருவன் அந்த நியூட்ரலைப் பிரிப்பான். நடைவழி விளக்கின் கரண்ட் அவன் உடம்பு வழியாகத் திரும்பும்.

மெயினை அணைத்துவிட்டு மேலே ஏறினார். அடுப்புக்குள் நுழைந்த மாதிரி வெக்கை. நடைவழி விளக்கின் நியூட்ரல், கிச்சன் பிளக் வயரோடு முறுக்கிக் கிடந்தது. சுற்றியிருந்த டேப் இன்னும் புதிது. அடுத்தவன் பிரிக்க வசதியாக அதன் நுனி மடித்துவிடப்பட்டிருந்தது. அந்த ஊரில் அப்படி மடிக்கிற ஆள் ஒருவர்தான்.

க்ளைவ் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அழுகை வருகிற மாதிரி இருந்தது, அதற்கும் தெம்பில்லை. இதையும் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். ஆனால் திங்கட்கிழமை ரெக்ஸ் வேறு யார் வீட்டுக் கூரைக்குள்ளோ இருப்பார்.

பாருக்கு இறங்கி வந்து, விளக்கு கிச்சனிடம் நியூட்ரல் இரவல் வாங்கியிருப்பதைச் சொன்னார்.

"எந்த மடையன் பண்ணது அது?" என்றார் ரெக்ஸ்.

"நீதான் மச்சான்."

ரெக்ஸ் சிரித்தார். "நானா? நான் நியூட்ரல் இரவல் வாங்குவனா?"

"டேப் நுனி மடிச்சிருக்கு."

சிரிப்பு நின்றது. நோலீன் அந்தப் பக்கம் திரும்பி, துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். ரெக்ஸ் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஒண்ணுதானா?"

"இல்ல. ரெண்டு வருஷமா உன் பின்னாலதான் சுத்துறேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சரி பண்ணிட்டேன்."

"தெரியாதது?"

க்ளைவ் சட்டையில் ஒட்டியிருந்த கூரைத் தூசியைத் தட்டினார்.

ரெக்ஸ் பாதி பீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "வண்டிய எடு. எங்கெங்க வேல செஞ்சேன்னு காட்டுறேன்."

"இப்பவேவா? முழங்கால் நிக்க விடல மச்சான். நாளைக்குப் போலாம்."

"நாளைக்கு எனக்கு ஞாபகம் இருக்குமான்னு தெரியாது மாப்ள," என்றார் ரெக்ஸ்.