லயத்துக்கு வந்த முதல் மெத்தை

போன வாரம் சிரம்பானில் ஒரு மெத்தைக் கடையில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் எனக்குப் புதிதில்லை. மெத்தைக் கடையில் வந்தது இதுதான் முதல் தடவை.

முதுகு வலி என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டான். கடையில் விற்றுக்கொண்டிருந்தவர் நம் தமிழ் இளைஞர்தான். செருப்பைக் கழற்றச் சொன்னார், கழற்றினேன். தலை வைக்கும் இடத்தில் ஒரு காகிதத்தை விரித்தார், என் தலையிலிருந்து எண்ணெய் வழிகிற மாதிரி. அதையும் பொறுத்துக்கொண்டேன். பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது.

"அங்கிள், இது நேச்சுரல் லேடெக்ஸ் லா. ரப்பர் மரத்துல கத்தியால கீறுனா வெள்ளையா பால் வரும். பாத்திருக்கீங்களா?"

பதினோரு வருடம் பால் வெட்டியவனிடம் கேட்கிறார்! வலது கையை விரித்து நீட்டினேன். அந்தக் காய்ப்பு எதனால் வந்தது என்று அவருக்கு எங்கே தெரியப்போகிறது. குனிந்து மெத்தையில் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். பால் வாசனை துளிகூட இல்லை. ரப்பர் பாலுக்கு ஒரு புளிப்பு வாடை உண்டு. அதுவே காய்ந்து ஒட்டுப்பால் ஆகிவிட்டால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுந்து போய்விடுவான். அப்படி எத்தனை பேர் என் பக்கத்திலிருந்து எழுந்து போயிருக்கிறார்கள்! நாங்கள் நாறிக்கொண்டு வெட்டிக் கொடுத்ததைக் கழுவி, பவுடர் வாசனை போட்டு, எனக்கே விற்கிறார்கள். வெட்டிய நாங்கள் படுத்தது பலகையில்.

பலகை என்றால் நிஜமாகவே பலகைதான். கோலா சாவா பக்கத்தில் எங்கள் தோட்டம். கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்து வீட்டில் சுவரோரமாக ஒரு பலகை மேடை, அதன்மேல் பாய். பலகை இடுக்கில் மூட்டைப்பூச்சி குடும்பம் நடத்தும். எங்கள் வீட்டில் எங்களைவிட அதுகள்தான் அதிகம்.

ஒரு தடவை துரை பங்களாவில் அலமாரி நகர்த்த எங்களில் நான்கு பேரைக் கூப்பிட்டார்கள். படுக்கையறையில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. யாரும் பார்க்காதபோது ஒரு விரலால் அழுத்தினேன். குழி விழுந்து, விரலை எடுத்ததும் மெதுவாக எழுந்து வந்தது. உயிருள்ளது போல இருந்தது. பங்களா சமையல்காரர் பார்த்துவிட்டார். "கைய எடுறா, கறை ஒட்டிக்கும்" என்றார். அவரும் லயத்தில் பிறந்தவர்தான். துரை சொல்லியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் ஒன்றை நினைத்தால் செய்து முடிக்காமல் விட்டவன் இல்லை. பின்னால் மூன்று லாரி வாங்கியதும் அப்படித்தான். பங்களாவுக்குப் போய் வந்த எட்டாவது மாதம், சேர்த்த காசோடு சிரம்பானுக்குப் போய், ஒரு சீனர் கடையில் பஞ்சு அடைத்துக் கோடு போட்ட துணியில் தைத்த மெத்தை ஒன்றை வாங்கினேன். பஸ்காரர் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார். ஒரு லாரிக்காரரைப் பிடித்து ரந்தாவ் வரை வந்தேன். இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. கடை ஓரத்தில் ஒருவர் ஒதுங்கத்தான் இடம் இருந்தது. மெத்தையை அங்கே நிறுத்திவிட்டு நான் மழையில் நின்றேன். அப்புறம் தலையில் தூக்கிக்கொண்டு தோட்டம் வரை நடை.

லயமே வாசலில் நின்று பார்த்தது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சைக்கிளை நிறுத்தி, "மெத்தையில படுத்துட்டா காலையில பெரட்டுக்கு எவன்டா வருவான்?" என்றார். மறுநாள் விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு எல்லாருக்கும் முன்னால் போய் நின்றேன். அவர்தான் தாமதம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். முதல் வாரமே பக்கத்து வீட்டு முனியம்மா, மகள் கல்யாணத்துக்கு என்று கேட்டு வாங்கிப் போனார். மஞ்சள் கறையோடு திரும்பி வந்தது. அடுத்து, பிள்ளை பெற்று வந்த ஒருத்திக்கு. அப்புறம் கங்காணியின் மருமகன் விருந்துக்கு வந்திருக்கிறான் என்று அவனுக்கு. முப்பது வீட்டுக்கும் ஒரே மெத்தை, அது என்னுடையது, அதில் நான் மட்டும் படுக்கவில்லை. என் மனைவி சரோஜாவிடம் கத்தினால், "கேக்கறதுக்குன்னு ஒரு வீடு இருக்கறது நல்லதுதானே" என்பாள்.

அப்போதுதான் சரோஜா முழுகாமல் இருந்தாள். அதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. இது ஏழு மாதம் தாண்டியிருந்தது. படுத்தே இருக்க வேண்டும் என்று மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரஸர் சொல்லிவிட்டார். பிள்ளை பிறக்கிற வரைக்கும் மெத்தை வாசற்படி தாண்டாது என்று லயத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

அந்த வாரம் மாரியக்கா வந்தார். எங்கள் வரிசையில் கடைசி வீடு. அவர் புருஷன் கோவிந்தன் அண்ணன் எனக்குப் பக்கத்து மர நிரையில் பால் வெட்டியவர்; இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"தம்பி, முதுகெல்லாம் புண்ணாப் போச்சு அவருக்கு. பலகை ஒத்துக்கல. நாலு நாளைக்குக் குடுங்க."

உயிர் போன படுக்கையை நாங்கள் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. அது சுடுகாட்டோடு போய்விடும். நான் வாசலில் நின்றபடியே சொன்னேன்: "அவரு அதுலயே போய்ட்டா என்னக்கா பண்றது? அப்புறம் புள்ளத்தாச்சிய அதுல படுக்க வைக்க முடியுமா?"

மாரியக்கா அழவில்லை, கோபப்படவும் இல்லை. அரிசி இரவல் கேட்கிற குரலில்தான் பதில் சொன்னார்.

"அதுல சாவ மாட்டாரு தம்பி. முடியப்போற மாதிரி இருந்தா எறக்கிப் பாயில போட்டுடறேன்."

திரும்பிப் பார்த்தேன். சரோஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

நாலு நாள் பத்து நாளானது. நடுவில் மூன்று தடவை அவருக்கு மூச்சு இழுத்தது. மூன்று தடவையும் மாரியக்கா ஓடிவந்து கூப்பிட, நான்தான் போய்த் தோளைப் பிடித்து இறக்கினேன். பாயில் போட்டால் மூச்சு திரும்பிவிடும். மறுபடி தூக்கி மேலே போடுவோம். விறகு மாதிரிதான் கனம். மூன்றாவது தடவை கோவிந்தன் அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "ஒன் மெத்தை நல்லாத்தான்டா இருக்கு. ஏறி எறங்கத்தான் கஷ்டமா இருக்கு" என்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

வெளியே வந்ததும் மாரியக்காவிடம், இனி இறக்க வேண்டாம், அதிலேயே இருக்கட்டும், மெத்தை போனால் போகட்டும் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. "அவ வயித்துல புள்ளைய வச்சிருக்கா. நீங்க சொன்னது நாயம்தான் தம்பி" என்றார். இதற்கு அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

கோவிந்தன் அண்ணன் உயிர் போனது காலை பத்தரை மணிக்கு. லயத்தில் ஆளில்லாத நேரம். நாங்கள் பால் நிறுத்துக்கொண்டிருந்த ஸ்டோருக்குச் செய்தி வந்து, போட்டது போட்டபடி ஓடினேன். கோவிந்தன் அண்ணன் பாயில் கிடந்தார். மாரியக்கா ஒற்றை ஆளாக இழுத்து இறக்கியிருக்கிறார். அவர் முழங்கையில் பலகை கிழித்து ரத்தம். மெத்தை வெளியே வெயிலில் சாத்தி வைத்திருந்தது. என்னைக் கண்டதும், புருஷன் போய்விட்டார் என்றுகூட அவர் முதலில் சொல்லவில்லை.

"மெத்தையில ஒண்ணும் ஆவல. பாத்து எடுத்துக்குங்க தம்பி" என்றார்.

என் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தான். தாயும் பிள்ளையும் அதில்தான் படுத்தார்கள். நான் கடைசி வரைக்கும் பாயில்தான். சூடு உடம்பு, மெத்தை ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்டவர்களிடம் சொன்னேன்.

ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். செம்பனையை வெட்டிவிட்டு இப்போது வீடு கட்டி விற்கிறார்கள். மாரியக்கா மகளோடு ஜொகூர் பக்கம் போனார். முதல் லாரி வாங்கியதும் நானே ஓட்டிக்கொண்டு தேடிப் போனேன். நான் போவதற்கு இரண்டு மாதம் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். சரோஜா போய் ஆறு வருடம். நான் மாரியக்காவிடம் சொன்னதை அன்றைக்குப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்த முனியம்மாவும் இல்லை. இன்றைக்கு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் எனக்கு முதல் நாற்காலி, மாலை, பெரிய மனுசன் என்கிற பேச்சு. 'அன்னைக்கு வாசல்ல நின்னு என்னடா பேசுன?' என்று முகத்துக்கு நேரே கேட்பதற்கு, கோலா சாவாவிலிருந்து ரந்தாவ் வரை ஓர் ஆள் மிச்சமில்லை.