ஆளில்லாத எல்லையில் ஒரு தாலிக்கொடி

ஜெர்மனியில், பீலெஃபெல்டில் எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் அண்ணைக்கு நெதர்லாந்து எல்லையைக் கடக்க ஒரு தனி முறை உண்டு. அங்கே சோதனைச் சாவடியை எடுத்துப் பல காலம் ஆகிவிட்டது; பழைய கூரையின் கீழே லாரிக்காரர்கள் தூங்குகிறார்கள். அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் எல்லைக்கு முன்னால் வரும் கடைசிப் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்துவார். எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். பாட்டை அணைப்பார். டிக்கியைத் திறந்து பார்த்து மூடுவார். பிறகு கண்ணாடிகளை இறக்கிவிட்டு, மாப்பிள்ளை ஊர்வலத்தின் வேகத்தில் எல்லையைத் தாண்டுவார்.

அகதியாக வந்த புதிதில், மாவட்டத்தைவிட்டு வெளியே போகவே அனுமதி வாங்க வேண்டியிருந்தவர். இப்போது ஜெர்மன் பாஸ்போர்ட் இருக்கிறது. பழக்கம் அதைவிடப் பழையது.

அன்று அவருடைய தமையன் மகனுக்கு நெதர்லாந்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் முதல் நாளே போய்விட்டார்கள். நகைக்கடைக்காரர் தாமதித்ததால் தாலிக்கொடி மட்டும் பின்தங்கிவிட்டது. அதைக் காலையில் கோயிலில் வைத்து எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, அண்ணையின் மனைவி, எனக்கு அக்கா, மடியில் வைத்திருந்தார். அழைப்பு எனக்கும் இருந்ததால் பின் இருக்கையில் நான். மதியத்துக்குள் முகூர்த்தம் முடிந்துவிடும்.

கடைசிப் பார்க்கிங் வந்தது. வண்டி வேகம் குறைந்தது.

"இஞ்சேருங்கோ, இண்டைக்குமோ?" என்றார் அக்கா.

"அஞ்சு நிமிசம்."

"ஆளில்லாத கூரைக்குச் சலாம் போடுற மனுசன். நீங்கள் பேப்பரிலை இருந்தனீங்கள்தானே தம்பி, இதையும் ஒருக்கா எழுதுங்கோ."

சடங்கு முழுவதும் நடந்தது. எல்லையை ஊர்ந்து தாண்டி, அண்ணை மூச்சுவிட்டுப் பாட்டைப் போட்ட நேரத்தில், ஒரு போலீஸ் கார் எங்களை முந்தி, பின்னால் வரும்படி பலகை காட்டியது.

ஒதுக்குப்புறத்தில் நிறுத்தினோம். ஒரே காரிலிருந்து இரண்டு விதமான சீருடைகள் இறங்கின. ஒருவர் ஜெர்மன் பெண். மற்றவர் நெடிய டச்சுக்காரர். கோட்டில் நின்று காவல் காப்பதை விட்ட பிறகு, இரண்டு நாட்டுப் போலீசும் இப்படிச் சேர்ந்து ஒரே வண்டியில் கோட்டின் இரு பக்கமும் சுற்றுகிறார்கள். எந்த மண்ணில் நிற்கிறார்களோ அந்த நாட்டுக்காரர் பேச்சைத் தொடங்குவார். நின்றது நெதர்லாந்து. டச்சுக்காரர் பாஸ்போர்ட் கேட்டார். அவர் கேட்டு முடிக்குமுன் அண்ணை நீட்டினார்.

டச்சுக்காரரும் இறங்கிப்போன அண்ணையும் வண்டிக்கு முன்னால் நின்று அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அந்தப் பெண்ணிடம் எங்களை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"பார்க்கிங்கில் லாரிகளுக்குப் பின்னால்தான் நின்றோம்," என்றார். "வண்டியை நிறுத்தினீர்கள். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் ஒருவர் கைக்குப் போனது. டிக்கியைத் திறந்து மூடினார். எல்லையில் நடக்கிற வேகத்தில் போனீர்கள். மற்றவர்கள் சும்மா போகிறார்கள். நாங்கள் வேறு யாரை நிறுத்துவது?"

அக்கா ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். முன்னால் நின்ற அண்ணைக்கு இது எட்டவில்லை.

பிறகு டச்சுக்காரரின் கண் அக்கா மடியிலிருந்த மஞ்சள் முடிச்சுக்குப் போனது. அவிழ்த்துக் காட்டச் சொன்னார்.

"மண்டபத்திலைதான் அவிழ்க்க வேணும். இஞ்சை ஏலாது," என்றார் அக்கா.

"அவிழ்க்காட்டி நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போவாங்கள். அங்கை மத்தியானமாயிடும்," என்றார் அண்ணை. "பெடியன் மணவறையிலை இருந்து என்னத்தைக் கட்டுறது?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு இறங்கினார். தோளில் கிடந்த பட்டுச் சால்வையைக் கார் முன்பக்கத்தில் விரித்து, முடிச்சை அதன்மேல் வைத்து அவிழ்த்தார். காலை வெயிலில் தாலிக்கொடி கிடந்தது. அக்காவின் ஜெர்மன் என்னுடையதைவிடப் பல மடங்கு சுத்தம். இது என்ன என்று சொன்னார். கட்டுவதற்கு முன் தட்டில் வைத்து எல்லோரிடமும் கொண்டுபோவோம், வந்தவர்கள் தொட்டு வாழ்த்த வேண்டும், பார்த்துவிட்டு மட்டும் போகக் கூடாது என்றும் சொன்னார்.

"வலது கை," என்று சேர்த்துக்கொண்டார்.

அந்தப் பெண் கையுறையைக் கழற்றினார். தொடப் போனவர் நின்று, சக ஊழியரைப் பார்த்து வழிவிட்டார். மண் அவருடையது. டச்சுக்காரர் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு ஒரு விரலால் தொட்டார். பிறகு ஜெர்மனி தொட்டது. பாஸ்போர்ட்டுகளைத் திருப்பிக் கொடுத்து எங்களைப் போகச் சொன்னார்கள்.

மண்டபத்தை அடைந்தபோது நாதஸ்வரம் தொடங்கியிருந்தது. வாசலில் தமையன் நின்றார்.

"எங்கயடா போனனீ இவ்வளவு நேரமும்?"

"பார்டரிலை செக்கிங்," என்றார் அண்ணை. இத்தனை வருடத்தில் அவர் முகத்தில் இவ்வளவு நிறைவை நான் பார்த்ததில்லை. "பாஸ்போட் கேட்டவங்கள். எல்லாம் கையிலை ரெடியா வச்சிருந்தபடியால் தப்பினம். நான் எப்பவும் சொல்லுறனான்தானே."

அக்கா என்னைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.

"ஓம். இவர் ரெடியாத்தான் இருந்தவர்," என்று சொல்லிவிட்டு, மஞ்சள் முடிச்சோடு உள்ளே போனார்.