சிட்னிச் சட்டம்

நியூசிலாந்தில், மவுண்ட் வெல்லிங்டனில் குடியிருந்த பத்மாவதி கொஞ்சம் வேகமாகத்தான் கார் ஓட்டுவாள். அதை அவளே மறுத்ததில்லை. எழுந்து நடக்க முடியாத முதியவர்களை வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றிச் சாப்பாடு கொடுப்பது அவள் வேலை. ஒரு வீட்டில் தாமதமானால் அடுத்த வீட்டில் ஒரு கிழவி ஈரத்திலேயே கிடப்பாள். அப்படி ஓடி ஓடியே இரண்டு வருடத்துக்குள் வேகத்துக்குத் தண்டனையாகப் போடும் டிமெரிட் புள்ளிகள் அறுபது சேர்ந்துவிட்டன. நூறைத் தொட்டால் மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் இல்லை.

2014ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று பொலிஸ் அவளை மறித்தது. ஐம்பதில் போகவேண்டிய வீதியில் அறுபத்துநான்கு. இன்னும் இருபது புள்ளி.

வீட்டுக்கு வந்து சொன்னாள். ஈஸ்டர் விடுமுறைக்குச் சிட்னியிலிருந்து வந்திருந்த கணவனின் அண்ணன் தவராசா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஈஸ்டரிலயோ பிடிபட்டனீர்? விடுமுறை நாளில புள்ளி டபிள். இருபது இல்லை, நாற்பது. உம்மட லைசென்ஸ் போச்சு.”

“அது சிட்னியில, அத்தான். இங்க அப்பிடி ஒண்டும் நான் கேள்விப்படேல்லை.”

“எல்லா இடமும் ஒரே சட்டம்தான், பிள்ளை.”

கணவன் குமாரசாமி தலையாட்டினான். அத்தோடு விட்டிருந்தால் போயிருக்கும். சனிக்கிழமை, அவள் குளித்துக்கொண்டிருந்த நேரம், அவளுடைய மேலாளருக்கு ஃபோன் எடுத்து, மனைவிக்கு லைசென்ஸ் போகப்போகிறது, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான். திங்களன்று மேலாளர் அவளை அழைத்து, அவளுடைய வீடுகளை வேறொருத்திக்குக் கொடுத்தாயிற்று என்றபோதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது.

“என்ர வேலையிடத்தில கதைக்கச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது?”

“அண்ணைதான்... பிறகு அவையளாக் கண்டுபிடிச்சா உமக்குத்தானே வெட்கம் எண்டு...”

“என்னட்ட ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?”



விடுமுறை முடிந்து செவ்வாயன்று அலுவலகங்கள் திறந்ததும் லைசென்ஸ் விசாரிக்கும் எண்ணுக்கு அழைத்தாள். பேசி முடித்துக் கூடத்துக்கு வந்தாள்.

“நியூசிலாந்தில டபிள் எண்டு ஒண்டுமே இல்லை. விடுமுறையில பொலிஸ் கூடுதலாக் கவனிக்குமாம், ஆனா புள்ளி அதேதான். எனக்கு எண்பது. லைசென்ஸ் என்னட்டத்தான் இருக்கு.”

“இங்க வித்தியாசம் போல,” என்ற தவராசா டிவி பக்கம் திரும்பினார்.

“டிவியை நிப்பாட்டுங்கோ அத்தான்!”

அவரிடம் அவள் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. ஃபோனைக் கணவன் கையில் திணித்தாள். “இப்பவே என்ர மனேஜருக்கு எடுங்கோ. நான் கேக்கிற மாதிரி ஸ்பீக்கரில போடுங்கோ.”

“பிழையா விளங்கிட்டன் எண்டு சொல்லுறன்.”

“விளங்கிறதுக்கு நீங்கள் ஆரிட்டயும் கேக்கேல்லையே! விசாரிக்காமல் சொல்லிட்டன் எண்டு சொல்லுங்கோ.”

திக்கித் திக்கிச் சொன்னான். மேலாளர் மூன்று வீடுகளைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்தார். மற்றவற்றில் புது ஆள் தொடங்கிவிட்டாள், இனி மாற்ற முடியாது என்றார். பத்மாவதி நான்கு வருடம் பார்த்துவந்த கண் தெரியாத பெரியவரும் அந்த மற்ற வீடுகளில்தான் இருந்தார். அவள் காலடிச் சத்தத்திலேயே ஆளை அடையாளம் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்.

தவராசா வியாழனன்று டாக்சி பிடித்து விமான நிலையம் போனார். கூட்டிப்போகச் சொல்லி அவளிடம் கேட்க இருவருக்குமே துணிவில்லை.

மறுநாள் காலை தேநீரோடு வந்து நின்றான் குமாரசாமி.

“இன்னும் கோவமோ?”

“ஓம்,” என்றாள். தேநீரைத் தொடாமல் வேலைக்குக் கிளம்பினாள்.