ஆள் எடுக்கும் ஆபீசில் அகப்பட்ட மிமிக்ரிக்காரன்

ஆள் எடுக்கிற வேலை என்றால் வேறொன்றுமில்லை: வருகிற எல்லோரிடமும் "சொல்லி அனுப்புகிறோம்" என்று சொல்ல வேண்டும், பிறகு யாருக்கும் சொல்லி அனுப்பாமல் இருக்க வேண்டும்.

வேலை தேடி அலைந்தவர்களே, அலைந்துகொண்டிருப்பவர்களே, பயோடேட்டாவை நகல் எடுத்தே ஜெராக்ஸ் கடைக்காரரை வாழவைத்தவர்களே! மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தானே ஒரு பொடியன், அவன்தான் எழுதுகிறேன். இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் உடனே தர மாட்டேன். எங்கள் ஆபீசில் காத்திருந்த மாதிரியே கொஞ்சம் உட்காருங்கள். நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், பார்த்து.

பாயின் குரலில் ஒரு பொய்

அயோத்தியாப்பட்டணத்தில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் என்மேல் கோபமில்லாதவர்கள் அதைவிடக் குறைவு. ஹெட்மாஸ்டர் குரலில் மைக்கில் அரைநாள் லீவு அறிவித்தவன் நான். கண்டக்டர் குரலில் "ஹோல்டான்" கத்தி டவுன் பஸ்சை நடுரோட்டில் நிறுத்தியவன். மேடையேறிப் பிழைத்துக்கொள்வேன் என்றுதான் இருந்தேன். மாரியம்மன் பண்டிகையில் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நடுவே மேடை கொடுத்தார்கள். நான் வாயைத் திறந்ததும் அன்னதானப் பந்தி ஆரம்பமாகிவிட்டது. சென்னையில் ஒரு டிவி தேர்வுக்குப் போனேன். உள்ளே இருந்தவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "இதெல்லாம் இப்ப போனே பண்ணுது தம்பி" என்றார்.

திரும்பி வந்து, சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், செருப்புக் கடைக்கு மேல்மாடியில் சாதிக் பாய் நடத்தும் வேலைவாய்ப்பு ஆபீசில் வேலை கேட்டு உட்கார்ந்தேன். அன்று வெள்ளிக்கிழமை. பாய் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். ஆபீஸ் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கை சும்மா இருக்குமா? எடுத்தேன். கேட்ட ஆட்கள் எங்கே என்று ஒரு ஜவுளிக்கடை மேனேஜர் எரிந்து விழுந்தார். காலையில் கேட்ட பாயின் குரல் காதிலேயே இருந்தது. "இன்ஷா அல்லா, நாளைக்குக் காலைல ஆள் உங்க வாசல்ல நிக்கும் தலைவரே. நீங்க போய் நிம்மதியா சாப்பிடுங்க" என்றேன். மேனேஜர் சாப்பிடப் போய்விட்டார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், தொப்பியைக் கழற்றியபடி கதவருகே பாய். அடிப்பார் என்று நினைத்தேன். தொப்பியை மேஜைமேல் வைத்துவிட்டு, சோர்ந்துபோய் உட்கார்ந்தார்.

"என் குரல்ல இவ்வளவு தைரியமா நான் பேசியே வருசக்கணக்காச்சு. நாளைல இருந்து வந்துடு தம்பி."

கவிதா மேடம்

பாய்க்கு "இல்லை" என்று சொல்ல வராது. அந்த வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு வயது பத்தொன்பது. என்னைவிடப் பத்து வயது மூத்தவரிடம் "உங்களை எடுக்கவில்லை" என்று எந்தக் குரலில் சொல்வது? அதற்காகத்தான் கவிதா மேடத்தை உண்டாக்கினேன். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு அம்மாவையும் என் ஒன்றாம் வகுப்பு டீச்சரையும் கலந்து செய்த குரல். போனில் "இந்த முறை வாய்ப்பு அமையவில்லை" என்பார். ரயில் தாமதத்துக்கு வருந்துவது போலவே வருந்துவார். முதல் வாரம் வயிறு வலிக்கச் சிரித்தேன். இரண்டாவது வாரம் வயிறு மட்டும் வலித்தது.

கெங்கவல்லியிலிருந்து ஓர் இன்ஜினியர் அண்ணன். எங்கே அனுப்பினாலும் திரும்பி வருவார். ஒவ்வொரு முறையும் கவிதா மேடம்தான் அவருக்கு வருந்துவார். ஒருநாள் நேரிலேயே வந்து மேடம் எங்கே என்று தேடினார். லீவு என்றேன். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன். அவர் பைக்குள்ளிருந்து கொய்யாப்பழங்களை எடுத்து மேஜைமேல் அடுக்கினார்.

"மேடம் வந்தா குடுத்துடுப்பா. எனக்கு வேலை இல்லைன்னு எங்க வீட்ல தினமும்தான் சொல்றாங்க. வருத்தப்பட்டுச் சொல்றது இவங்க ஒருத்தங்கதான்."

தறிச் சத்தம்

சிரிப்பு எங்கே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வரிசைப்படி வரும். முதலில் மல்லிகா அக்கா வரட்டும்.

அக்காவுக்கு ஆட்டையாம்பட்டி. தறிக்கூடத்தில் வேலை, கூடத்தை மூடிவிட்டார்கள். வீட்டுக்காரர் லாரி டிரைவர். கால் முறிந்து கட்டிலில் கிடக்கிறார். மகள் தேவி பன்னிரண்டாவது படிக்கிறாள். அக்காவுக்கு ஒரு வேலை அமையாவிட்டால், படிப்பை நிறுத்திவிட்டு தேவியை ஹாஸ்டலில் தங்கவைத்து வேலை வாங்கும் நூல் மில்லுக்கு அனுப்பிவிடுவது என்று அக்காவின் மச்சாண்டார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன், முடிவு செய்துவிட்டார். பொங்கல் கழிந்ததும் மில் வேன் வரும். அக்காவுக்கு இருந்த அவகாசம் அவ்வளவுதான்.

கீழே செருப்புக் கடையில் அக்கா வழி கேட்டது மாடியில் எங்களுக்குக் கேட்டது. தறி ஓடும் இடத்தில் கத்தினால்தான் பேச்சு. வருஷக்கணக்காக அப்படிப் பழகிய தொண்டை. போனைக்கூட எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். "இந்தக் குரலுக்குத் துணிக்கடைல நாளைக்கே வேலை" என்றார் பாய். அனுப்பினோம். ஏசி ரூமில் உட்காரவைத்துப் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். அக்கா வாயே திறக்கவில்லை. அடுத்து ஓர் ஆஸ்பத்திரி. அங்கேயும் அப்படியே. பெயரைக்கூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டார். எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து, சேலை முனையைத் திருகிக்கொண்டு, ரோட்டில் போகிற பஸ்களின் சத்தத்துக்கு மேலே சொன்னார்.

"அங்க ஈ பறக்கற சத்தங்கூட இல்லீங்க சாமி. என் கொரலு எனக்கே கேக்குது. கேட்டதும் பயமாப் போயிருதுங்க."

எத்தனை மேனேஜர்!

அவரைத் தேற்றிவிட வேண்டும் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. குறும்புதான். மறுநாள் கனத்த குரலில், "ஹெச்ஆர் பேசுகிறேன், சொல்லுங்கம்மா, உங்க பேரென்ன?" என்று அக்காவுக்குப் போன் போட்டேன். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் கிசுகிசுப்பு: "பேசும்மா... பேரைச் சொல்லும்மா..." எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அக்கா, நான்தான்" என்றேன்.

அவ்வளவுதான். ஓட ஆரம்பித்தது பாருங்கள், அக்காவின் தொண்டையில் தறி! பாய் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். திட்டி ஓய்ந்த பிறகுதான் உறைத்தது: ஒரு மேனேஜரின் குரலுக்கு அக்கா பதில் பேசிவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் கூப்பிட்டேன். மூக்கடைத்த மேனேஜர், இங்கிலீஷ் மேனேஜர், வெற்றிலை மெல்லும் முதலாளி, சிடுசிடு மேடம். ஆரம்பத்தில் ஒரு வார்த்தை வந்தது. பிறகு ஒரு வரி. பிறகு எனக்குப் பேச இடமே இல்லை. கேள்விக்குப் பதில் வரும், பதிலோடு எனக்கு ஒரு குட்டும் வரும். ஆனால் நிஜமான இண்டர்வியூவுக்கு அனுப்பினால் மறுபடியும் அதே ஊமைத்தனம். "நீ நல்லது பண்றியா கெட்டது பண்றியான்னே வெளங்கல" என்றார் பாய். எனக்கும் விளங்கவில்லை. அந்த வீட்டில் அப்போது மிச்சமிருந்த ஒரே சந்தோஷம் என்னைத் திட்டுவதுதான் என்று மட்டும் தெரிந்தது.

"நீயி எந்தக் கொரலுல வந்தாலும் ரெண்டாவது வார்த்தைல கண்டுபுடிச்சுருவேன், போடா!"

மில் ஏஜெண்ட்

பொங்கல் நெருங்கியது. நூல் மில்லுக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவிடும் ஏஜெண்ட் ஒருவர் எங்கள் ஆபீசுக்குப் போன் செய்தார். ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஆள் இருக்கிறதா என்று கேட்டார். பாய் வெளியே போயிருந்தார். பாயின் குரலை எடுத்து மாட்டிக்கொண்டேன். "அந்தப் பக்கம் ஒருத்தரும் கிடையாது தலைவரே. எல்லாப் பிள்ளையும் படிக்கப் போயிடுச்சு. வேனை அந்தப் பக்கம் விட்டா டீசல்தான் தண்டம்" என்றேன். குரலில் ஒரு பிசிறு இல்லை. என் வாழ்நாளில் நான் செய்த ஆகச்சிறந்த மிமிக்ரி அதுதான். ஏஜெண்ட் அப்படியே நம்பினார். நம்பியும் கொஞ்சம்கூட அசரவில்லை.

"நீங்க ஆள் தரலைன்னா என்ன பாய், ஊருக்கு ஊரு மச்சாண்டாருங்க இருக்காங்கல்ல."

தேவி கேட்டது

பொங்கலும் போனது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் யூனிபார்மோடு தேவி தனியாகப் படியேறி வந்தாள். அதுவரை அவளைக் கிசுகிசுப்பாகத்தான் எனக்குத் தெரியும். திங்கட்கிழமை வேன் வருகிறது என்றாள். மில்லுக்கு என்று எடுத்த போட்டோ கையில் இருந்தது. பாய் அவளுக்கு டீ சொன்னார். அவர் யாருக்கும் டீ சொல்லி நான் பார்த்ததில்லை.

அவள் வேலை கேட்டு வரவில்லை. அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லையாம். கண்ணாடி முன்னால் நின்று தன் பெயரையே சொல்லிச் சொல்லிப் பார்க்கிறதாம். அழாமல்தான் சொன்னாள், அதுதான் தாங்கவில்லை. பிறகு என்னிடம் ஓர் உதவி கேட்டாள். என்னிடம்தான் எத்தனை குரல்! அதில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். 

"கவிதா மேடமும் நீங்கதான்னு எங்கம்மாவுக்கு இன்னும் தெரியாது. அவங்க மாதிரிப் பேசி, அம்மாவுக்கு வேலை கெடச்சிருச்சுன்னு சொல்லுங்கண்ணா. நான் வேன்ல ஏற்ற வரைக்கும் நம்புனாப் போதும்."

தட்டுவடை செட்

அவள் போனதும் பாய் போனை எடுத்தார். தெரிந்தவர், தெரியாதவர், சண்டை போட்டவர் என்று ஒருவர் விடாமல் கூப்பிட்டார். தன் சொந்தக் குரலில், அதுவும் தைரியமாக. கடைசியில் நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் ஒருவர் பிடிபட்டார். வண்டி எங்கே, லோடு எங்கே என்று நாள் முழுக்க டிரைவர்களிடம் போனில் பேச ஆள் வேண்டும். யாரை உட்காரவைத்தாலும் அழுதுகொண்டு ஓடிவிடுகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்காவோடு போனில் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். "அஞ்சு மணிக்கு நெஜ ஓனர் பேசுவாருக்கா. நான் இல்ல. ஆபீசுக்கே வந்து உக்காந்து பேசுங்க" என்று அக்காவிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

லாரிக்காரர் சொன்ன நேரத்துக்கு எதையாவது செய்து பார்த்திருக்கிறீர்களா? இவர் நாலு மணிக்கே கூப்பிட்டுவிட்டார். அது எங்களுக்குத் தெரியாது. நானும் பாயும் தட்டுவடை செட் வாங்கி வைத்து உட்கார்ந்திருந்தோம். சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி, பீட்ரூட், கேரட் துருவல். ஒன்றை அப்படியே முழுசாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டபிறகு கொஞ்ச நேரத்துக்கு மனிதனுக்குப் பேச்சு கிடையாது. போட்டேன். கீழே ரோட்டில், பஸ் ஹாரன்களுக்கு மேலே, அக்காவின் குரல் கேட்டது.

"அஞ்சு மணின்னு சொல்லிப்போட்டு நாலு மணிக்கே ஆரம்பிச்சுட்டயா? தொண்டைல கரகரப்பு ஏத்திக்கிட்டா நீ ஓனராயிருவயாடா?"

ஸ்பீக்கரில் ஒரு கரகரத்த குரல்: "ஏம்மா, கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. டீசல் தீந்துபோச்சுன்னு டிரைவரு வண்டிய நடுரோட்ல நிறுத்திப்போட்டா என்ன பண்ணுவீங்க?"

"ஊட்ல ஒரு டிரைவரக் கட்டிக்கிட்டு அழுதுட்டிருக்கறேன், எங்கிட்டயே டீசல் கதையா? டேங்கு மூடியத் தொறந்து போட்டோ எடுத்து அனுப்புடாம்பேன். அனுப்பலைன்னா அவம்பொண்டாட்டி நம்பருக்குப் போடுவேன்!"

"அப்பறமும் எதுத்துப் பேசுனா?"

"உன்னைய இப்பப் பேசறேன் பாரு, இப்படித்தான் பேசுவேன்! விடிஞ்சா எம்பொண்ணு வேன்ல ஏறப்போகுது, இன்னிக்குமாடா உனக்கு வெளையாட்டு? இரு, மேல வாரேன். அந்த வாயிலயே போடறேன்!"

"உன்னைத்தாம்பா வாங்கு வாங்குன்னு வாங்குது" என்று பாய் சிரித்தார். நானும் தலையாட்டிச் சிரித்தேன். என்னையா? நான்தான் இங்கே இருக்கிறேனே! சட்டென்று எழுந்தேன். "அக்கா" என்று கத்த வாயைத் திறந்தால் பீட்ரூட்தான் வந்தது. படியில் செருப்புச் சத்தம் ஏறியது. கன்னம் இரண்டும் உப்பி, மோவாயில் சிவப்புச் சாறு வழிய, வேண்டாம் வேண்டாம் என்று நான் இரண்டு கையாலும் ஜாடை காட்ட, அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். ஒரு கையில் போன். இன்னொரு கை ஓங்கியபடி. போனிலிருந்து அந்தக் கரகரத்த குரல் பொறுமையாகக் கேட்டது: "அம்மா, நீங்க முடிச்சுட்டீங்கன்னா நான் ஒரு வார்த்தை சொல்லலாமுங்களா?"

அக்கா என் வாயைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடியும் என் வாயைப் பார்த்தார். ஓங்கிய கை மெல்ல இறங்கியது. தறி அத்தனையும் நின்றுபோய், ஈ பறந்தாலே அமுங்கிவிடுகிற குரலில் கேட்டார்.

"நீ இங்க தின்னுட்டு நிக்கறே... அப்ப இதுல பேசறது ஆருங்க சாமி?"

அக்காவுக்கு அந்த வேலை கிடைத்து, மறுநாள் மில் வேன் வந்தபோது தேவி பள்ளிக்கூடத்தில் இருந்தாள் என்றால், அதற்கு என் அத்தனை குரல்களும் சேர்ந்து செய்த உதவியைவிட, வாய் நிறையத் தட்டுவடையோடு நான் பேச முடியாமல் நின்ற அந்த ஒரு நிமிஷம் செய்த உதவிதான் பெரிது.