நல்ல சேனல் எது என்று எனக்குத் தெரியும்

எங்கள் ஊரில் யாராவது புதிதாகப் போன் வாங்கினால் முதலில் ரீசார்ஜ் கடைக்குப் போவார்கள், அடுத்து என்னிடம் வருவார்கள். “பாக்கற மாதிரி நல்ல சேனலா சொல்லுக்கா” என்பார்கள். கேட்டவுடன் சொல்லிவிட மாட்டேன். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், உட்கார்ந்து பார்ப்பீர்களா, சமைத்துக்கொண்டே காதில் கேட்பீர்களா, தெலுங்கு புரியுமா என்று விசாரிப்பேன். டாக்டரம்மா மருந்து எழுதுவதுபோல் கேட்கிறாள் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் சொன்ன சேனலைப் பாதியில் விட்டவர்கள் இதுவரை யாரும் இல்லை.

இது எனக்குப் பொழுதுபோக்காக வந்த வித்தை இல்லை. என் கணவர் குவைத்தில் இருந்த வருடங்களில் அவரோடு பேச எதுவும் இல்லாமல் போனது. அப்போது வந்தது.

ஆந்திர எல்லையில், சத்தியவேட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். என் பிறந்த வீட்டாரும் அவர் வீட்டாரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள்தான். அவர் குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவராகப் போய்ச் சம்பாதித்து அனுப்பியதில் ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம் எங்கள் பேருக்கு வந்தது. அதில் நான் நிலக்கடலை போட்டேன். மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். மதியம் அவர் முதலாளியின் பிள்ளைகளை விட்டுவிட்டு வண்டியை நிழலில் நிறுத்தியதும் போன் வரும்.

“துன்னியா?”

“துன்னேன் மாமா. நீ?”

“ஆச்சு. பாப்பா இன்னா பண்ணுது?”

“ஸ்கூலுக்குப் போய்க்கீது.”

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் வண்டியின் ஏசி ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்கும், எங்கள் வீட்டுக் கோழி கொக்கரிப்பது அவருக்குக் கேட்கும். சண்டை ஒன்றும் கிடையாது. அவருக்கு அங்கே ரோட்டைத் தவிர வேறு சேதி இல்லை. எனக்கு இங்கே சேதி இருந்தது, ஆனால் போர் மோட்டார் எரிந்தது, பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொன்னால் அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து அவர் என்ன செய்வார்? அதனால் சொல்ல மாட்டேன். சொல்லாமல் விடுவது பழகிப்போனால் சொல்வதற்கு ஒன்றுமே மிஞ்சுவதில்லை.

நெட் மலிவான சமயத்தில், ஊருக்கு வந்த ஒருவரிடம் எனக்குப் பெரிய போன் ஒன்று கொடுத்தனுப்பினார். அதில் அவர் அனுப்பிய முதல் வீடியோ ஒரு லாரி டிரைவருடையது. லாரியை ஓரங்கட்டி, பக்கத்துப் பெட்டியைத் திறந்து அடுப்பு எடுத்து, ரோட்டோரத்தில் ஆட்டுக்கறி சமைக்கிறார். “பாரு, ஆளு இன்னா ருசியா ஆக்கறாரு” என்று குரல் பதிவும் கூட வந்தது.

பார்த்தேன். மறுநாள் போனில் கேட்டார்.

“எப்டி கீது?”

“அடுப்புல ஏத்துனது ஒரு சட்டி, எறக்குனது வேற சட்டி மாமா.”

“இன்னாது?”

“ஏத்துன சட்டிக்கு ஒரு பக்கம் நசுங்கிக்கீது. எறக்குனது நசுங்கல. எங்கியோ ஓட்டல்ல வாங்கி ஊத்திக்கினு காட்டறாரு.”

 “அப்டின்னா நீ ஒண்ணு அனுப்பு பாக்கலாம்” என்றார். குரலில் கோபம் இருந்தது. ஆனால் அந்த வாரத்தில் நாங்கள் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு. போனை வைத்தபிறகுதான் அது எனக்கு உறைத்தது.

ஒரு வாரம் தேடினேன். எதைத் திறந்தாலும் கத்துகிறார்கள், இல்லாவிட்டால் கடைசிவரை பாருங்கள் என்று கெஞ்சுகிறார்கள். கடைசியில் ஒரு பெண் கிடைத்தார். தெலுங்குக்காரர். முகம் காட்ட மாட்டார். ஒரு மேஜை, இரண்டு கைகள், நடுவில் ஒரு மிக்சி. ஊரார் கொண்டுவந்து கொடுக்கும் பழுதான மிக்சியைப் பிரித்து, கப்ளர் தேய்ந்திருக்கிறதா, கார்பன் தீர்ந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார். நான் பார்த்த முதல் வீடியோவில் எல்லாம் மாட்டி முடித்து சுவிட்சைப் போட்டார். மிக்சி ஓடவில்லை. அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு வேறு எடுத்துப் போட்டிருக்கலாம். அவர் “ஐயோ, நேனே தப்பு சேசானு”, நானேதான் தப்பு செய்துவிட்டேன் என்று சாதாரணமாகச் சொல்லி மறுபடியும் ஸ்க்ரூவைக் கழற்றினார். உள்ளே ஒரு வயரை மாட்ட மறந்திருந்தார்.

அதைத்தான் என் கணவருக்கு அனுப்பினேன். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று முழுக்க அந்தம்மாவின் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாராம்.

“யாருமே அது? மிக்சியப் பாத்துக்கினு ஒரு நாளே போயிடுச்சி எனக்கு.”

“தெரியாது மாமா. கைய மட்டும்தான் பாத்தேன்.”

“அந்தக் கையில பொய் இல்ல” என்றார்.

அதற்கப்புறம் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. ஒருவர் ஒரு சேனலை அனுப்பினால் அடுத்தவர் அதன் பழைய வீடியோக்களையும் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். ஒன்று நன்றாக இருப்பது பெரிய விஷயமில்லை, யாருக்கும் ஒரு நாள் அமையும். மழைக்காலத்தில் போட்டது எப்படி, ஆள் கூட்டம் சேருவதற்கு முன்னால் போட்டது எப்படி, சேர்ந்த பிறகு போட்டது எப்படி என்று பார்க்க வேண்டும். மதியப் பேச்சு நீண்டுகொண்டே போனது. ஒருமுறை அவர் பேசிக்கொண்டே பிள்ளைகளை அழைத்து வர நேரம் தவறி, முதலாளி வீட்டில் திட்டு வாங்கினார். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

லாரிக்காரரை என் கணவர் விடவில்லை. “சட்டிய வுடு, ஆளப் பாரு” என்று அவருக்காக வாதாடினார். நானும் அவர் பேச்சுக்காகத் தொடர்ந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான் என்று பின்னால் தெரிந்தது. லாரிக்காரர் சமைக்கும்போதுதான் வேஷம். லோடு இறக்க ஆள் வராமல் குடோன் வாசலில் காத்திருக்கும்போது, டயர் வெடித்து நடுக்காட்டில் நிற்கும்போது அவர் பேசுகிற பேச்சு வேறு. எதையும் விற்கிற அவசரம் இல்லாமல், பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசுவதுபோல் பேசுவார். “ஆக்கறதப் பாக்காத, நிக்கறதப் பாரு” என்றுதான் இப்போதும் அவரை எல்லோருக்கும் சொல்கிறேன்.

நிலக்கடலைக்காரர் ஒருவரை நானே கண்டுபிடித்தேன். எப்போதும் ஒரே கடலைக் கொல்லை, ஒரே வேப்பமரத்தடி. பூ எடுத்ததும் ஜிப்சம் போடுவது எப்படி என்று சொல்லித் தந்தவர், மழையில் செடியெல்லாம் அழுகிய வருடமும் அதே இடத்தில் நின்று அழுகினதைப் பிடுங்கிக் காட்டினார். அவரைப் பற்றிப் பேசப்போய்த்தான் எங்கள் கொல்லையைப் பற்றியும் என் கணவரிடம் சொல்ல ஆரம்பித்தேன். மோட்டார் எரிந்த கதை அப்போதுதான் வெளியே வந்தது.

“எப்ப எரிஞ்சிது?”

“போன வருசம்.”

“எங்கிட்ட ஏன்மே சொல்லல?”

“இப்ப சொல்லிட்டேனே.”

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் அவர் வேறு மாதிரி ஒன்று அனுப்பினார். கோட்டுப் போட்ட ஒரு ஆள், பின்னால் ஏதோ வெளிநாட்டு ஊரின் படம் ஒட்டிய சுவர். கனடாவில் டிரைவர் வேலை, இன்றைக்கே கூப்பிடுங்கள் என்று கீழே போன் நம்பர் ஓடுகிறது. என் கணவர் ஏற்கெனவே கூப்பிட்டுவிட்டார்.

“ஃபேமிலியோட போலாமாம். நீ, நான், பாப்பா, மூணு பேரும் ஒரே வீட்ல.”

 ஒரே வீட்டில் இருப்பதற்கு எனக்கு மட்டும் ஆசை இல்லையா? வாய்வரை சரி என்று வந்தது. ஆனால் வழக்கம் வழக்கம்தான். உட்கார்ந்து அந்த ஆளின் பழைய வீடியோக்களையெல்லாம் பார்த்தேன். அதே கோட்டு. அதே சுவர். டிரைவர் வேலை என்கிறவர் ஒரு ஸ்டியரிங்கைக்கூடக் காட்டவில்லை.

“மாமா, இவரு நல்லா பேசறாரு. ஆனா ஒரு வண்டிய கூட காட்டல.”

“இவரு இன்னா மிக்சியா ரிப்பேர் பண்றாரு, பிரிச்சிக் காட்டறதுக்கு?”

“லாரிக்காரரு டயர் வெடிச்சா அதையும் காட்டறாரு. கடலைக்காரரு அழுகினதக் காட்டறாரு. இவருக்கு மட்டும் ஒரு நாள் கூட ஒண்ணும் தப்பா போகல. எப்டி போகாம இருக்கும்?”

“நீ சினிமா பாக்கற மாதிரி பாத்துக்கினு கீற. இது பொழப்பு” என்று போனை வைத்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கூப்பிடவில்லை. களை எடுக்க ஆள் விட்டிருந்தேன், கொல்லையில் நின்றுகொண்டு போனையே பார்த்தேன். நான் சொன்னது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. சரியாகச் சொன்னதாலேயே அவர் பேசாமல் போய்விடுவாரோ என்றுதான் பயம். வரப்பில் உட்கார்ந்து ஒரு குரல் பதிவு அனுப்பினேன். “மாமா, நீ போறதுன்னா போ. அதுக்கு முன்னாடி அவருகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. அந்தக் கம்பெனி கேட்டு வாசல்ல நின்னு, அங்க நிக்கற வண்டிங்களக் காட்டி ஒரு வீடியோ போடச் சொல்லு.”

 அடுத்த வாரம் மதியம் போன் வந்தது. துன்னியா என்று கேட்கவில்லை.

“கமெண்ட்டுல எழுதுனேன், நீ சொன்ன மாதிரியே.”

“இன்னா சொன்னாரு?”

“அழிச்சிட்டான்.”

“மறுபடி எழுது.”

“எழுதுனேன்மே. அப்பால அந்த சேனல்ல என்னால எழுதவே முடியல. என்னத் தள்ளி வெச்சிட்டான்.”

 அவருடைய ஏமாற்றம் மூச்சிலேயே தெரிந்தது. மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கிற படத்தை அவர் மனதுக்குள் எத்தனை நாள் பார்த்திருப்பார். பிறகு அவரே கேட்டார்: “மிக்சியம்மா கிரைண்டர் ஒண்ணு பிரிச்சிக்கீது, பாத்தியா?”

“இன்னும் பாக்கல.”

“பாரு. கல்லத் தூக்க முடியாம ரெண்டு பேர உதவிக்குக் கூப்புடுது. நல்லா கீது.”

கோட்டுக்காரர் அதற்கப்புறம் என்ன ஆனார் என்று தெரியாது. நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் கம்பெனிகள் பெருகி, ஆட்களை ஏற்றி இறக்க பஸ் டிரைவர்கள் தேவைப்பட்டபோது அவர் குவைத்தை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் ஊரிலிருந்தே வேலைக்குப் போய் வரலாம். அவர் வந்து இறங்கிய வாரம் வீடே கலகலப்பாக இருந்தது. உறவுக்காரர்கள் வந்து போய் முடிந்ததும் பழைய நிலைமை திரும்பியது. அவர் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார், நான் அடுப்படியில் இருப்பேன். துன்னலாமா என்பார், துன்னலாம் என்பேன். அவ்வளவு வருடம் போனில் பேசிப் பழகிய ஆளிடம் நேரில் எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்பது அவர் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார். கொஞ்ச நேரத்தில் என் போனில் ஒரு லிங்க் வந்தது. மோட்டார் கொட்டகையிலிருந்து அனுப்பியிருக்கிறார். ஊர் ஊராகப் போய் பஸ் ஸ்டாண்டுகளை மட்டும் படம் எடுக்கும் ஒரு ஆள். எந்த பஸ் எங்கே போகிறது, டீ எங்கே நன்றாக இருக்கும், கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா என்று பொறுமையாகச் சொல்கிறார். நான் குழம்பை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தேன். திருப்பதி பஸ் ஸ்டாண்டு வந்தது. திருச்சானூர் ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்தைத் தப்பாமல் காட்டினார். ஆட்டோக்காரர் ஒருவர் அவரை ஏறச் சொல்லி வற்புறுத்த, இவர் இல்லை இல்லை என்று சொல்லியும் அவர் பையைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட, கேமராவோடு அவரும் ஏறிப் போக வேண்டியதாகிவிட்டது. நான் தனியாகச் சிரித்தேன்.

கொல்லையிலிருந்து என் கணவர் காலில் சேற்றோடு வந்து வாசலிலேயே நின்றார். “பாத்தியா?”

“பாதிதான் பாத்தேன். பழசெல்லாம் எப்டி?”

“பழசு இன்னும் நல்லா கீது” என்று அப்படியே படியில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். குழம்பு ஆறிப்போனது. அன்றைக்கு நாங்கள் பேசி முடித்தபோது வெயில் இறங்கியிருந்தது.

மகள் இப்போது திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி டிகிரி படிக்கிறாள். போன வாரம் அவள் ஒரு சேனலை அனுப்பினாள். இரண்டு பையன்கள், ஒருவன் தெலுங்கு மட்டும் பேசுகிறான், ஒருவன் தமிழ் மட்டும் பேசுகிறான், கடைசிவரை ஒருவரை ஒருவர் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். சட்டி மாறுகிறதா, பழசெல்லாம் எப்படி என்று நான் எதையும் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். இவர் எட்டிப் பார்த்து, “இன்னாமே இது, அர்த்தமே இல்ல” என்றார்.

“கீது. உக்காந்து பாரு” என்று அவருக்கும் இடம் விட்டேன்.