ஜெபமாகச் சொன்ன பழி

நான் ஒரு குற்றமற்றவளைத் திருடியாக்கினேன். தெருவில் நின்று ஏசி அல்ல... முழங்காலிட்டு, கண்களை மூடி, கர்த்தருடைய நாமத்தினால் ஜெபம் கேட்டு அவளைத் திருடியாக்கினேன்!

போடியில் உள்ள எங்கள் சிறிய சபைக்கு நீங்கள் எப்போதாவது வந்திருந்தால் என் சாட்சியைக் கேட்டிருப்பீர்கள். படுக்கையில் விழுந்த கணவனை வைத்துக்கொண்டு, மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போய், விசுவாசம் தளராமல் நின்றவள் இந்த எஸ்தர் என்று சொல்லிப் போதகர் என்னை எழுப்பிவிடுவார். நானும் சொல்வேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். நான் சொல்வது பொய்யில்லை. ஆனால் பாதி. மீதியை இப்போது உங்களிடம் சொல்லப்போகிறேன்.

நீங்கள் எதற்காக இதைப் படிக்கிறீர்கள்? அடுத்தவர் பாவம் என்றால் காது நீண்டுவிடும், இல்லையா? மன்னியுங்கள்... என் புத்தி அப்படி. யாரைக் கண்டாலும், இவருக்கு இதில் என்ன ஆதாயம் என்றுதான் முதலில் கேட்கும்.

என் வீட்டுக்காரர் தாவீது ஜீப்பு ஓட்டினார். காலையில் போடியில் ஆட்களை ஏற்றி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து எஸ்டேட்டில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவார். ஒரு மழை நாளில், நல்லவேளையாக வண்டியில் வேறு ஆளில்லாதபோது, ஜீப்பு பள்ளத்தில் சரிந்தது. உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று சொல்லிவிட்டார் மருத்துவர். அவர் ஓட்டிய அதே பாதையில், வேறொருவர் ஓட்டிய ஜீப்பில், நான் காய் எடுக்கப் போனேன்.

அந்நாட்களில் நான் செய்த ஜெபத்தை நடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள்! செடிக்கு அடியில் குனிந்து, காலில் அட்டை கடிக்க, முதுகு விட்டுப்போக, 'இயேசுவே, இயேசுவே' என்று முனகிக்கொண்டுதான் காய் பறித்தேன். அந்தப் பெயர் இல்லையென்றால் ஏதாவது ஒரு பாறையிலிருந்து குதித்திருப்பேன். கடவுளை முழுமையாக நம்பினேன். மனிதரில் ஒருவரையும் நம்பவில்லை. அப்படியும் ஒரு விசுவாசம் உண்டா? எனக்கு இருந்தது.

தொடக்கத்தில் சபையார் கூட்டமாக வந்து கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள், ஜெபித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். வந்தாலும் வாசலோடு பேசிவிட்டுப் போனார்கள். பார்த்தாயா, நொடித்துப்போன வீட்டுக்குள் நுழைய இவர்களுக்குக் கால் கூசுகிறது என்று நான் கறுவிக்கொண்டேன்.

ஒருத்தி மட்டும் நிற்கவில்லை. சாராள் அக்கா. கணவனை இழந்தவள், நர்சு படிப்புப் படிக்கும் ஒரே மகளுக்குத் தாய். என்னோடு அதே ஜீப்பில் வந்து அதே எஸ்டேட்டில் வேலை செய்தவள். சாயங்காலம் இறங்கியதும் தன் வீட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வருவாள். கட்டிலருகே மண்டியிட்டு, அவர் நெற்றியில் கைவைத்து ஜெபிப்பாள்.

ஏன் வருகிறாள்? ஊரே ஒதுங்கிய வீட்டில் இவளுக்கு மட்டும் என்ன? வேவு பார்க்கவா? பக்திக்காரி என்று பேர் வாங்கவா? ஆதாயம் இல்லாமல் யாராவது ஆற்றோடு போவார்களா? அவள் கை அவர் நெற்றியில் இருப்பதைக் கண்டால் எனக்கு வயிறு எரிந்தது. எழுதவே கூசுகிறது... அப்படியும் நினைத்தேன்.

அப்போதுதான் எஸ்டேட்டில் காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து ஏலக்காய் காணாமல் போகத் தொடங்கியது. வேலை முடிந்து இறங்கும் பெண்களின் பையை உதறிப் பார்த்த பிறகே ஜீப்பில் ஏற்றினார்கள். எங்கள் எல்லோருக்கும் அது அவமானம்.

அந்த வாரத்தில் ஒருநாள் படுக்கை விரிப்பை மாற்றும்போது, மெத்தைக்கு அடியில் ஒரு சிறு துணி முடிச்சு தட்டுப்பட்டது. தொட்டதுமே தெரிந்தது, உள்ளே ஏலக்காய்! துணி சாராள் அக்காவின் பழைய சேலைக் கிழிசல். எனக்குத் தெரியாதா அந்தப் பூப்போட்ட சேலையை? அவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிக் கேட்டேனா? இல்லை. முடிச்சைப் பிரித்துக் காயை உற்றுப் பார்த்தேனா? அதுவும் இல்லை. அகப்பட்டாள் என்று மட்டும் தோன்றியது. ஒருவிதத்தில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. திருடிய காயை ஒளித்துவைக்க, யாரும் நுழையாத என் வீடு! இதற்குத்தானா இத்தனை ஜெபம்?

எங்கள் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் வட்டமாக அமர்ந்து ஜெபக்குறிப்பு சொல்வோம். யாருக்கு நோய், யார் வீட்டில் சண்டை, யாருக்காக மன்றாட வேண்டும் என்று சொல்லவேண்டும். தெருக்குழாயடியில் சொன்னால் புறணி. அதையே அங்கே தலையில் முக்காடு போட்டுச் சொன்னால் பிறருக்காகச் சுமக்கும் பாரம்! யாரும் மறுத்துப் பேச முடியாது. ஜெபத்தை மறுப்பது யார்?

அந்த ஞாயிறும் சாராள் அக்கா ஆராதனை முடிந்ததும் வெரசாகக் கிளம்பிவிட்டாள். சில வாரங்களாகவே அப்படித்தான். எங்கே போகிறாள்? அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். என் முறை வந்தது.

"சாராக்காவுக்காகப் பாரத்தோட ஜெபிங்க," என்றேன். "எஸ்டேட்டுக் காயி விசயத்துல அவுகளுக்கு ஒரு சோதனை வந்திருக்கு. நான் வேற ஒண்ணும் சொல்லல. கர்த்தருக்குத் தெரியும்."

வட்டத்தில் பாக்கியம் இருந்தாள். எங்கள் எஸ்டேட்டுக் கங்காணியின் மனைவி. கண்ணை மூடியிருந்தாள், காதை மூடவில்லை. அவள் அங்கே இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மறுநாள் காலையில் ஜீப்பில் கால் வைக்கப் போன சாராள் அக்காவை டிரைவர் தடுத்தான்.

"அக்கா, ஒங்கள ஏத்த வேணாம்னு கங்காணி சொல்லிட்டாரு."

"ஏன்ப்பு? நான் என்ன செஞ்சேன்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா."

சாப்பாட்டுத் தூக்கோடு அவள் அப்படியே நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ வெரசா ஏறு எஸ்தரு, எடம் போயிரும்," என்றாள். நான் ஏறி உட்கார்ந்தேன்.

வேறு எஸ்டேட்டுகளிலும் அவளை எடுக்கவில்லை. தேவாரம் ஊர்ப்பக்கம் களையெடுக்கப் போனாள். யானை மிதித்துப்போட்ட தோட்டத்தில் வேலை கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பிய நாட்களும் உண்டு. மகளின் படிப்பு பாதியில் நின்றது. அந்தப் பெண் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனாள். யாராவது விசாரித்தால், "கர்த்தர் நடத்துவாரு," என்பாள் சாராள் அக்கா. அத்தோடு சரி. எங்கள் வீட்டுக்கு ஜெபிக்க வருவதை மட்டும் அவள் நிறுத்தவேயில்லை! குற்றமுள்ள நெஞ்சுதானே மறைக்கப் பார்க்கிறது என்று அதற்கும் நான் ஒரு அர்த்தம் வைத்திருந்தேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அந்த முடிச்சை எடுத்துக் கணவரின் முகத்துக்கு நேரே நீட்டினேன். "ஒங்க ஜெபக்கார அக்கா வச்ச காயி எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியுமா?"

"தெரியும்," என்றார் அவர். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஏலக்கா கடையில தரம் பிரிக்கப் போறாக. அங்க கழிச்சுப்போட்ட வெடிச்ச காயக் கேட்டு வாங்கியாந்தாக."

"எதுக்கு?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "என் முதுகுப் புண்ணு நாறுது எஸ்தரு. உள்ள வந்து யாராலயும் நிக்க முடியல. கூடவே இருக்குறதால ஒனக்கு மட்டுந்தான் தெரியல. அந்த நாத்தம் அமுங்கத்தான் காய மெத்தைக்கு அடியில வச்சாக. நீயே மலை ஏறி எறங்கிச் சாகுற... ஒங்கிட்ட சொல்லிராதீகன்னு நாந்தான் அவுகள கும்புட்டுக் கேட்டேன்."

முடிச்சைப் பிரித்தேன். எல்லாமே வாய் பிளந்த, நிறம் வெளுத்த காய்கள். ஏலக்காட்டில் பிழைக்கிறவள் நான்! பூட்டிய ஸ்டோரில் கைவைக்கிறவள் பச்சைக் காயை விட்டுவிட்டு வெடித்த காயையா எடுப்பாள்? முதல் நாளே ஒருமுறை குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தீர விசாரிப்பதே மெய் என்று நமக்கெல்லாம் பழமொழி உண்டு. அதைப் பிறருக்குச் சொல்லத்தான் வைத்திருக்கிறோம் போலும்.

அடுத்த ஞாயிறு அதே வட்டத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன்? என் கணவரின் புண் நாறியது எனக்கே தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? இது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். உண்மைக் காரணம் வேறு. புண் ஆறத் தொடங்கியிருந்தது. கால் விரல்கள் அசைந்தன. மெல்ல மெல்ல அவர் கோலூன்றி நடந்தார். அது எஸ்தரின் விசுவாசத்துக்குக் கிடைத்த பலன் என்று சபை கொண்டாடியது... அந்தக் கொண்டாட்டம் எனக்கு இனித்தது! ஆண்டுகள் போயின. யாரும் சாராள் அக்காவைத் திருடி என்று வெளிப்படையாகச் சொன்னதில்லை. ஆனால் சபையில் காணிக்கைப் பையை அவள் கையில் மட்டும் கொடுப்பதில்லை.

அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒவ்வொரு ஞாயிறும் அவள் முகத்தைத் துருவிப் பார்த்தேன். சிரிப்பாள், நலம் விசாரிப்பாள். தெரிந்தே சிரிக்கிறாளா? ஒருநாள் எல்லார் முன்னாலும் உடைக்கக் காத்திருக்கிறாளா? அவளுடைய அன்பையும் நான் சந்தேகப்பட்டேன். இப்படிப்பட்ட நெஞ்சை என்ன செய்வது, சொல்லுங்கள்!

போன மாதம் துணிந்து அவள் வீட்டுக்குப் போனேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லாத எஸ்தரு," என்றாள், தலை நிமிராமல். "பாக்கியம் அன்னைக்கே சொல்லிட்டா."

"அப்பறமும் ஏங்க்கா எங்க வீட்டுக்கு வந்தீக?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"தாவீதுத் தம்பிக்காக வந்தேன். ஒனக்காக வரல." கத்தியைக் கீழே வைத்தாள். "நீ வாயத் தொறந்து சொல்லிட்டா, மன்னிச்சிட்டேன்னு நான் சொல்லியாகணும். எம்மக படிப்ப நெனச்சா எனக்கு இன்னும் அது வரல. பொய் சொல்ல மாட்டேன். தெனமும் முட்டிபோட்டுக் கேக்குறேன்... கர்த்தர் இன்னும் அந்தப் பெலன குடுக்கல. குடுத்தார்னா நானே ஒன் வீட்டுக்கு வர்றேன். அப்பச் சொல்லு. இப்பப் போ ஆத்தா, எனக்குச் சோலி கெடக்கு."

வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து நானும் அதே பெலனை அவளுக்குத் தரச்சொல்லி ஜெபிக்கிறேன். அவளுக்காகக் கேட்கிறேனா, எனக்காகவா? அதிலும் எனக்குச் சந்தேகம்தான். சாயங்காலமானால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் இன்னும் வரவில்லை.