சம்பந்தி, தள்ளி நில்லுங்க

கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான், பஸ்சில் ஏறினால் கவிழ்ந்துவிடுமோ என்று பயம், இருமினால் பெரிய நோயோ என்று பயம், ஆனால் செத்தவர்கள் வருவார்கள் என்று மட்டும் ஒருநாளும் பயந்ததில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவள் சொல்வதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் என் தம்பி ஒரு கேம் கடை போட்டான். கண்ணில் பெட்டி மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டால் ராத்திரி மலை தெரியும், வாணம், புஸ்வாணம், சரவெடி எல்லாம் நாமே கொளுத்தலாம், கை சுடாது. ஆடியவர்களைப் போனில் கருத்துப் போட வைப்பது என் சோலி. 'சத்தம் சூப்பர்' என்பார்கள், 'மருந்து வாசம் இல்லாம என்ன தீபாவளி' என்பார்கள். காலேஜ் பிள்ளை ஒருத்தி மட்டும், 'வாணத்துக்குப் பக்கத்துல நிக்கிற தாத்தா செம' என்று போட்டிருந்தாள். தம்பியிடம் கேட்டேன்.

"அதுல ஆளே கிடையாதுக்கா. நிழலப் பாத்துட்டு ஒளறியிருக்கும்" என்றான். நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் அப்பா குரங்கணிக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் காவல்காரராக இருந்தவர். யானை வந்தால் வெடி போட்டு விரட்டுவார். கொளுத்தும் முன் காய்ந்த சருகைக் கசக்கிப் பறக்கவிட்டுக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார், கூட நிற்பவர்களைத் தள்ளி நிற்கச் சொல்வார். அப்படியும் ஒருநாள் கையிலேயே வெடித்து வலது கையில் இரண்டு விரல் போனது. அவர் இறந்து பல வருஷம். தம்பிக்குப் பார்த்த பெண் வீட்டார் ராசிங்காபுரத்தில் தோட்டம் துரவு உள்ளவர்கள். காவல்காரர் மகனுக்குக் கொடுப்பார்களோ மாட்டார்களோ என்று பயந்து, அப்பா கணக்கப்பிள்ளை என்று நான்தான் சொல்லி வைத்தேன்.

பேச்சு முடிகிற நேரத்தில் பெண்ணின் அப்பா கடையைப் பார்க்க வந்தார். பட்டப்பகல். நானே பெட்டியை மாட்டிவிட்டேன். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். கழற்றிய பிறகும் சிரிப்பு நிற்கவில்லை.

"நல்லாத்தேன் இருக்கு தாயி. அதுல ஒரு பெரியவரு, வெவகாரமான ஆளு! சருகைக் கசக்கிக் காத்துப் பாக்குறாரு. 'சம்பந்தி, தள்ளி நில்லுங்க'ங்கிறாரு என்னைய! வலது கையில ரெண்டு வெரலக் காணோம். யாரு, ஒங்க சொந்தக்காரரா?"

கேலியாகத்தான் கேட்டார். தம்பி என் முகத்தையே பார்த்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை. சொன்னால் கணக்கப்பிள்ளை என்ற பொய் வெளியே வந்துவிடும்.

"அய்யய்யோ, யாரோ எவரோ மாமா, எங்களுக்குத் தெரியாது" என்றேன். சொல்லவே கூசுகிறது, சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவர் போனதும் நானே மாட்டிப் பார்த்தேன். மலை இருந்தது, வாணம் இருந்தது, ஆள் இல்லை. "அப்பா" என்று கூப்பிட்டேன். கடையில் இருந்தவர்கள்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. தம்பி பெண்டாட்டியாக வந்தவளும் தங்கமான பிள்ளை. ஆனால் அதற்குப் பிறகு, எந்த ஊர்க்காரர்களோ, அவ்வப்போது ஒரே கருத்தைப் போடுகிறார்கள். 'எல்லாம் நல்லா இருக்கு. ஓரத்துல ஒரு பெரியவர் முதுகைக் காட்டி உக்காந்திருக்காரு. கூப்பிட்டா திரும்பமாட்டேங்குறாரு.'

இப்போது யார் பெட்டியைக் கழற்றினாலும், ஆட்டம் எப்படி இருந்தது என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை. திரும்பினாரா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.